மாப்பிள்ளை சொன்ன வாயு

கொரட்டூரில் அண்ணன் வீட்டிலிருந்த அப்பாவைப் பார்த்ததும் ஜோதிகாவுக்குத் திக்கென்றது. கால்கள் வீங்கியிருந்தன. நாலடி நடந்தாலே மூச்சு வாங்கியது.

"கூடவே கீறியேண்ணா, இது உன் கண்ணுக்குத் தெரியலியா?"

"எத்தினி வாட்டி ஆஸ்பத்திரிக்குக் கூப்டுட்டேன். வெறும் வாயுதான்னு வர மாட்டேன்றாரு" என்றான் செல்வகுமார்.

"நல்ல புள்ளைண்ணா நீ" என்று சீறிவிட்டு, அப்பாவைக் காரில் ஏற்றினாள்.

"பக்கத்து ஆஸ்பத்திரி வேணாம், கூட்டமா இருக்கும்" என்றான் அவள் கணவன் கிஷோர். அவள் கேட்கவில்லை.

டாக்டர் அப்பாவைப் பார்த்ததுமே கோபப்பட்டார்.

"இதயம் பலவீனமா இருக்கு, உடனே அட்மிட் பண்ணுங்கன்னு நாலு மாசம் முன்னாடியே சொன்னேனே?"

"யார்கிட்ட சொன்னீங்க டாக்டர்?"

"கூட வந்த மருமகன்கிட்ட, தனியா கூப்பிட்டு."

அப்பா குழம்பினார். "மாப்ள வெறும் வாயுன்னுதானேம்மா சொன்னாரு?"

அப்பாவை வார்டில் சேர்த்துவிட்டு ஜோதிகா வெளியே வந்தாள். கிஷோர் காரருகே நின்றிருந்தான்.

"ஏங்க மறைச்சீங்க?"

அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"தெரிஞ்சா, நம்ம வீட்டுக்கே கூட்டிட்டு வந்துடுவியே."