மாமாவின் கும்பகம்

சபாநாதன் எப்படி மூச்சு விடுகிறாரோ அப்படித்தான் அந்த வீடே மூச்சு விட்டது. எல்லோர் நெஞ்சிலும் கட்டியிருந்த மின்பட்டை அவர் மூச்சைப் பின்பற்றி அவர்களையும் அதே கதியில் மூச்சு விடவைத்தது. கட்டிய மூன்று வருடமாக வீட்டில் ஒரு குரல் உயர்ந்ததில்லை. அவர் மனைவிக்கு ரத்தக் கொதிப்புகூட அடங்கிவிட்டது.

அன்று காலை அவர் பூஜையறையில் பிராணாயாமத்துக்கு உட்கார்ந்தார். எல்லோருக்கும் மூச்சு உள்ளே போய் நின்றது. மாமா இன்று மூச்சை உள்ளே அடக்கும் கும்பகத்தை நீட்டுகிறார் என்று நினைத்தபடி, மருமகள் யாழினி தோசைக்கரண்டியோடு அடுப்படியில் காத்திருந்தாள். தோசை கருகியது. கண் இருட்டிக்கொண்டு வந்தபோது பட்டையைப் பிய்த்தெறிந்து மூச்சை விட்டாள்.

பாதிச் சவரத்தோடு நின்ற கணவன், பெரியவர் இலையில் கை வைக்குமுன் சாப்பிட ஆரம்பித்தவளைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தான்.

யாழினி பூஜையறைக்கு ஓடினாள். சபாநாதன் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தார். தொட்டதும் சாய்ந்தார்.

"அத்தே, மாமா போயிட்டாரு! பட்டையக் கழட்டுங்க!"

அறை வாசலில் நின்ற அத்தையின் உதடுகள் நீலம் பாரித்திருந்தன. அவள் ஒரு கையால் தன் பட்டையை இறுகப் பிடித்துக்கொண்டாள். கொஞ்சம் பொறு, அவர் முதலில் விடட்டும் என்று மறுகையால் சைகை காட்டினாள்.