மாப்பிள்ளையின் முழங்கால்

"காத்துப் பையா? அதுவும் காட்டுப் பாதைக்கா?" மெக்கானிக் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டார்.

"ஆமாங்க, ஸ்பிரிங்குக்குப் பதிலா காத்துப் பை சஸ்பென்ஷன்தான் வேணும்," என்றான் அவள் கணவன்.

அவளுக்கு மானம் போயிற்று.

காருக்குப் பின்னால் கட்டி இழுக்கிற அந்தப் பழைய கேரவன், சக்கரத்தைக் கழற்றிவிட்டு முட்டுக்கட்டை மேல் நின்றுகொண்டிருந்தது. கட்டில், அடுப்பு, அலமாரி எல்லாம் புருஷனும் பெண்டாட்டியுமாய்ச் சேர்ந்து சீர் பண்ணியாயிற்று. பாக்கி இது ஒன்றுதான். முடிந்தால் பள்ளி விடுமுறை முழுக்க மலை, காடு, ஆற்றங்கரை என்று சுற்றலாம்.

"நான் சொல்றதைக் கேளுங்க," என்றார் மெக்கானிக். "லாரிக்குப் போடுற கமான் பட்டை போட்டுடலாம். எந்தக் குண்டு குழியும் தாங்கும். உடைஞ்சாலும் எந்தப் பட்டறையிலும் மாத்திக்கலாம். குலுங்கக் கூடாதுன்னா சுருள் ஸ்பிரிங் இருக்கு. காத்துப் பை சொகுசுதான், இல்லைங்கல. கூர்க்கல்லு கிழிச்சா புஸ்ஸுனு போயிடும்."

"கூடுதலா ஒரு பை எடுத்து வச்சுக்கறேன். வண்டியை நிறுத்தினதும் காத்தை இறக்கிவிட்டா கீழ உட்காரும்ல?"

"உட்காரும். அது எதுக்கு உங்களுக்கு?"

"முட்டி வலிங்க. உயரமா ஏற முடியல." வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுளித்தான்.

ஓரமாக ஸ்டூலில் கைத்தடியோடு உட்கார்ந்திருந்த அவள் அப்பா வாய்விட்டுச் சிரித்தார். காலமெல்லாம் லாரி ஓட்டியவர்.

"என்ன மாப்பிள்ளை, இந்த வயசுலயேவா? உங்க வயசுல நான் லோடு மேல தாவி ஏறித் தார்ப்பாய் கட்டிட்டு, அங்கேருந்தே கீழ குதிப்பேன்!"

"அதெல்லாம் உங்க காலத்து உடம்பு மாமா."

"உடம்பா? உங்களுக்கு வலி முட்டியில இல்ல மாப்பிள்ளை, சோம்பேறித்தனத்துல!"

மெக்கானிக்கும் சேர்ந்து சிரித்தார். அவன் தலையைச் சொறிந்தான்.

அவளுக்கு வெட்கத்தைவிடக் கோபம்தான் அதிகம். இடுப்பெலும்பு ஆபரேஷன் ஆனதிலிருந்து அப்பா எங்கேயும் வருவதில்லை. ஒரு தடவை ரெண்டு பேர் கைத்தாங்கலாகத் தூக்கி பஸ்ஸில் ஏற்றினார்கள். அதோடு சரி.

"ஏத்த ஒருத்தர், இறக்க ஒருத்தர். நான் என்ன மூட்டையா? நீங்க போயிட்டு வாங்க அம்மாடி, நான் வீட்டைப் பார்த்துக்கறேன்," என்று ஒரே பிடிவாதம்.

அம்மா போன பிறகு அவரைத் தனியே விட்டுப் போக அவளுக்கு மனசு வரவில்லை. "தாத்தா வரலேன்னா நானும் வரல," என்று சின்னவள் வேறு மூக்கைச் சிந்துகிறாள். அப்பாவை எப்படிச் சம்மதிக்க வைப்பது என்று இவள் மண்டையை உடைத்துக்கொண்டிருக்க, இந்த மனுஷனுக்குத் தன் முட்டிதான் பெரிசாகப் போயிற்று!

அப்பா காரில் ஏறி உட்கார்ந்ததும் கணவனைத் தள்ளி நிறுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கப்பாவைப் பத்தி ஒரு நிமிஷமாவது யோசிச்சீங்களா?"

"அவர்தான் வரலைன்னுட்டாரே."

சுருக்கென்றது. விருட்டென்று போய்க் காரின் பின்கதவை அறைந்து சாத்திக்கொண்டு அப்பா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அடுத்த வாரம் வண்டி தயார். அப்பாவும் வந்தார். லாரிக்காரர் ஆயிற்றே, வேலை எப்படி என்று பார்க்காவிட்டால் தூக்கம் வராது.

மெக்கானிக் ஒரு பொத்தானை அழுத்தினார். 'உஸ்ஸ்' என்று பெருமூச்சு விட்டபடி, சொன்ன பேச்சு கேட்கிற யானை மாதிரி கேரவன் மெல்லத் தாழ்ந்து உட்கார்ந்தது. மடக்குப் படியை இழுத்துவிட்டதும் வீட்டு வாசல்படி உயரம்தான் இருந்தது.

"அப்பாடா, இப்பதான் நிம்மதி," என்று இடது முழங்காலை நீவிக்கொண்டே அவன் ஏறி இறங்கினான். "மாமா, உள்ள ஏதோ ஆடுற மாதிரி தெரியுது. எனக்குப் பிடிபடல. நீங்க ஒரு பார்வை பாருங்களேன்."

அப்பா எழுந்தார். அவள் தாங்கிப் பிடிக்க ஓடினாள்.

"ஏய், இதைக் கொஞ்சம் பிடி." தன் கையிலிருந்த பம்ப்பையும் குழாயையும் அவள் ரெண்டு கையிலும் திணித்தான் கணவன்.

அவள் அதைச் சமாளிப்பதற்குள் அப்பா கைத்தடியை உள்ளே வைத்து, கதவுக் கம்பியைப் பிடித்து, ஒரு கால், அப்புறம் மறு கால் என்று தானாகவே ஏறிவிட்டார்! உள்ளே அலமாரியைத் தட்டினார், கட்டிலில் உட்கார்ந்து ஆடிப் பார்த்தார்.

"ஒண்ணும் ஆடல, எல்லாம் கெட்டியா இருக்கு," என்று ஜன்னல் வழியாகக் குரல் வந்தது. "ஆனா அம்மாடி, இந்த முட்டியை வச்சுக்கிட்டு இவர் காட்டுல எப்படி டயர் மாத்துவாரு? பக்கத்துல இருந்து சொல்ல ஆள் வேணாமா? நானும் வரேன். எங்கேயாவது மாட்டிக்கிட்டு முழிக்கப் போறீங்க."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "அப்பா!" என்றாள்.

கணவனோ விசில் அடித்தபடி கேரவனைக் காரோடு கோக்கப் போய்விட்டான். சட்டென்று குந்தினான், கொக்கியை மாட்டினான், பந்து மாதிரி துள்ளி எழுந்தான். ஒரு முனகல் இல்லை.

அவள் வாயைப் பிளந்து அவனையே பார்த்தாள்.

ஜன்னலில் அப்பாவின் தலை தெரிந்தது.

"மாப்பிள்ளை, போன வாரம் வலது முட்டி, இன்னைக்கு இடது முட்டி. ஊர் திரும்புற வரைக்கும் ஏதாவது ஒண்ணையே பிடிச்சுக்குங்க. இல்லேன்னா எனக்குத் தெரிஞ்சுடப் போகுது!"