கடைசி ஆள்

கடவுள் காட்டிய நாட்டுக்குள் போகப் பயந்து மறுத்தவர்கள் எல்லோரும் பாலைவனத்திலேயே சாக வேண்டும், பிறகுதான் மற்றவர்கள் ஆற்றைக் கடக்கலாம் என்பது தீர்ப்பு. மறுத்தவர்களில் கிழவர் ஏலோன் மட்டும் பாக்கி. கூடாரங்களைச் சுருட்டி வைத்துவிட்ட ஜனங்கள் தினமும் காலையில் வந்து, உடம்பு எப்படி இருக்கிறது என்று அவரை விசாரித்தார்கள். நல்லவர்கள்தான். பதிலைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள். அவருக்குத்தான் கூச்சமாக இருந்தது.

"இன்னைக்கும் பசிக்குதும்மா," என்றார் மகள் நாமாளிடம், வெளியே கேட்காத குரலில்.

வெளியே அவள் புருஷனும் கழுதைமேல் சுமையை ஏற்றிவிட்டு நின்றிருந்தான். நாமாள் வாசல் துணியை இழுத்துவிட்டு, அப்பத்தைப் பாலில் ஊறவைத்துப் பிசைந்தாள்.

"சாப்பிடுங்கப்பா. அக்கரை எங்கயும் போயிடாது."