முழு லோடு

“பால் பாக்கெட் கழுவுற தண்ணியிலேயே நம்ம சொத்து கரைஞ்சிடும் போலிருக்கே!” தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார் தையல்காரர்.

“கழுவாமப் போட்டா நாறும். நாறினா ஆலைக்காரன் எடுக்க மாட்டான்,” என்றாள் மனைவி.

தெருச் சங்கத்தின் செயலாளர் அவள்தான். ஊருக்கு வெளியே இருந்த கிடங்கில் தெருக் குப்பையைக் கொட்ட, எடை போட்டுக் காசு வாங்கினார்கள். வருஷா வருஷம் கட்டணம் ஏறியது. வீட்டுச் சந்தாவும் கூடவே ஏறியது. ‘காசு கொடுத்துக் காசையே கொட்டிட்டு வர்றோம்’ என்று கூட்டத்தில் எழுந்து சொன்னாள். காகிதம், பாட்டில், தகரம் எல்லாவற்றையும் பிரித்துத் தெருமுனைக் கொட்டகையில் சேர்த்தால், மறுசுழற்சி ஆலை விலை கொடுத்து வாங்கிக்கொள்ளும் என்றாள்.

தலைவர் ஒரு மாதம் தவணை கொடுத்தார். ஆனால், முழு லோடு இருந்தால்தான் ஆலை லாரி எடுக்கும். அந்த மாதமும் முடிந்துவிட்டது; மறுநாள் காலை லாரி வருகிறது. கொட்டகையோ பாதிதான் நிரம்பியிருந்தது.

“ஏங்க, நாளைக்கு லாரி காலியாத் திரும்பினா, திட்டத்தையே தலைமுழுகிடலாம்னு தலைவர் சொல்லிட்டாரு. அப்புறம் பழைய கிடங்கு, பழைய சந்தாதான்.”

“சொல்லாம என்ன பண்ணுவாரு? நாய் வாலை நிமிர்த்த முடியுமா? இந்தத் தெருவாவது, குப்பையைப் பிரிக்கிறதாவது!”

“நீங்களாவது ஒரு நல்ல வார்த்தை சொல்லக் கூடாதா?”

“சாக்கு தைச்சுக் கொடுத்தேன்ல? அதுவும் கூலியில்லாம! நல்ல வார்த்தை வேற கேக்குதா உனக்கு?”

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. பொழுது சாய்வதற்குள் போய்ப் படுத்துக்கொண்டாள். ஊரையே திருத்திவிடலாம், கட்டிய புருஷனைத் திருத்த முடியாது.

காலையில் போய்க் கொட்டகைக் கதவைத் திறந்தாள். உள்ளே காகிதக் கட்டுகள் கூரையை முட்டிக்கொண்டிருந்தன. கடைசி நேரத்தில் தெரு மனசு மாறிவிட்டது! வீட்டுக்கு ஓடினாள்.

“பாத்தீங்களா நம்ம ஜனங்களை? என்னவோ சொன்னீங்களே!”

“ஏதோ குருட்டு அதிர்ஷ்டம்,” என்று கொட்டாவி விட்டார் அவர்.

ஆலைக்காரர்கள் வந்தார்கள், எடை போட்டார்கள், பணத்தைத் தலைவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். தலைவருக்கு முகமெல்லாம் பல். குப்பையால் தெருவுக்குள் காசு வந்தது அதுதான் முதல் தடவை. அதைக் கண்ணால் பார்த்த பிறகு யாருக்கும் புத்தி சொல்ல வேண்டியிருக்கவில்லை. அடுத்த மாதம் கொட்டகை தானாகவே நிரம்பியது; அதற்கடுத்த மாதம் வழிந்தது. கிடங்குக்குப் போகும் குப்பை பாதியானது. சந்தாவைக் குறைத்தார்கள். மிச்சப் பணத்தில் குண்டும் குழியுமாகக் கிடந்த நடைபாதையைக்கூடச் சரிசெய்துவிட்டார்கள்.

அவளுக்கு மனசு நிறைந்திருந்தது. நம்பிக்கையில்லாத ஒரே ஆள் தன் வீட்டிலேயே உட்கார்ந்து மிஷின் மிதித்துக்கொண்டிருப்பது மட்டும்தான் குறை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்துத் தெருவில் பழைய பேப்பர் கடை வைத்திருப்பவர் கொட்டகைக்கு வந்தார்.

“அக்கா, உங்க தெருப் பேப்பரை எனக்கே கொடுங்களேன். ஆலைக்காரன் தர்ற விலையே தர்றேன்.”

“அந்த விலைக்கு வாங்கினா உங்களுக்குக் கட்டுப்படியாகுமா தம்பி?”

“வழக்கமா ஆகாதுதான். உங்க வீட்டுக்காரர் மாதிரி ஒரு கிராக்கி வந்தா ஆகும்.”

“அவரா? அவருக்கு எதுக்குப் பழைய பேப்பர்?”

“அதைத்தான் நானும் கேட்டேன். அன்னைக்குக் கடை அடைக்கிற நேரத்துல வந்து, பேரம்கூடப் பேசாம மொத்தத்தையும் வாங்கி வண்டியில ஏத்தினாரே! ‘வீட்ல ஒருத்தி அழுதுட்டுப் படுத்திருக்கா, என்னால பாக்க முடியலப்பா’ன்னாரு.”