அரை நாள்

இருநூற்று ஐம்பது ரூபாய். அவன் அவளுக்குத் தர வேண்டியது.

ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சு அறைக்கு வெளியே, பெஞ்சின் ஓரத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். வயிறு முட்டத் தண்ணீர். முந்தானையைச் சுருட்டிக் கைக்குள் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

பக்கத்தில் இடம் இருந்தது. அவன் நின்றுகொண்டே இருந்தான்.

கட்டட வேலையில் அவன் மேஸ்திரி. அவள் அவனுக்குப் பெண்டாட்டி. அவனிடமே சித்தாள்.

ஆஸ்பத்திரிக்கு வந்த முதல் நாளே டாக்டரம்மா இரண்டு வழி சொன்னார். கர்ப்பப்பை வாயில் வந்த புற்று பக்கத்திலும் பரவிவிட்டது. அறுத்து எடுக்க முடியாது. கதிர்தான் வைக்க வேண்டும். பழைய முறையில் கதிர் பட்டையாகப் பாயும். குடலும் மூத்திரப் பையும் சேர்ந்து வேகும். புது முறையில் நோய் இருக்கிற இடத்தை ஒட்டி வளைந்து பாயும். நோயைக் கொல்வதில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். பிறகு படுகிற பாட்டில்தான் வித்தியாசம்.

ஆனால் புதிதில் ஒரு கண்டிப்பு உண்டு. தினமும் ஒரே அளவு தண்ணீர் குடித்துவிட்டு, கதிர் வைத்து முடிகிற வரைக்கும் அடக்கிக்கொண்டிருக்க வேண்டும். பை நிறைந்திருந்தால்தான் குடல் மேலே விலகும். பழையதில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். இதில் கூடாது.

"அடக்க முடியுமாம்மா?"

"அதெல்லாம் எனக்குப் பழக்கந்தான் டாக்டரம்மா. வேல செய்யற எடத்துல ஒதுங்க எடம் ஏது?"

அவன் தரையைப் பார்த்தான். டைல்ஸில் ஒரு கல் தூக்கலாக இருந்தது.

"ரத்தம் எப்பலேர்ந்து படுது?"

"சித்திரையில. பள்ளிக்கூடத்துக்குத் தளம் போட்டோம், அன்னிக்குத்தான் மொதல்ல."

சொல்லும்போது அவள் அவன் பக்கம் திரும்பவில்லை.

தளம் போடுகிற அன்றைக்குக் கலவை காயக் கூடாது. சட்டி கை மாறிக்கொண்டே இருக்க வேண்டும். அவள் நாலைந்து தடவை வரிசையை விட்டுப் புதர்ப் பக்கம் போனாள். திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

அவன் பார்த்தான்.

பார்த்துவிட்டுத்தான், சாயங்காலம் எல்லோர் முன்னாலும் அரை நாள் கூலியைப் பிடித்தான்.

"எம் பொண்டாட்டின்னா சும்மா குடுத்துடுவனா? இனிமே தண்ணிய கொறச்சுக் குடி."

ஆட்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

அவள் குறைத்துக்கொண்டாள். அதற்கப்புறம் வரிசையை விட்டு நகரவே இல்லை. ஐப்பசியில் ஒருநாள் சாரத்தடியில் சட்டியோடு விழுந்தாள்.

அதுவரைக்கும், சோறு போடும்போதெல்லாம் கேட்பாள். "என் எறநூத்தம்பது எங்க மேஸ்திரி?" விளையாட்டுக்குத்தான்.

ஆஸ்பத்திரிக்கு வர ஆரம்பித்த பிறகு கேட்பதில்லை.

கதவு திறந்தது. நர்ஸ் எட்டிப் பார்த்தார்.

"மெஷின் நின்னுடுச்சு. சரி பண்ணிக்கிட்டிருக்காங்க. அடக்க முடியாதவங்க போயிட்டு வந்து மறுபடி தண்ணி குடிச்சுட்டு, கடைசில உக்காருங்க."

ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். அவள் அசையவில்லை. நெற்றியில் வேர்வை பூத்திருந்தது. கால் கட்டைவிரல் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

இன்றைக்கும் ஒரு தளம். மத்தியானத்துக்குள் வந்துவிடுகிறேன் என்று இன்ஜினியரிடம் சொல்லியிருந்தான். அது அவளுக்கும் தெரியும்.

"போயிட்டு வா, பாவாயி."

"அரை நாள் போயிடும் மேஸ்திரி."

"போவட்டும்."

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு போனாள்.

அவள் இருந்த இடத்தில் அவன் உட்கார்ந்தான். பெஞ்சு சூடாக இருந்தது. செல்போன் அடித்தது. இன்ஜினியர். அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, போய் பாட்டிலில் தண்ணீர் பிடித்து வந்தான்.

திரும்பி வந்தவள் பாட்டிலை வாங்கினாள். முகம் தெளிந்திருந்தது.

"அந்த எறநூத்தம்பது கழிஞ்சுது மேஸ்திரி. அரை நாளுக்கு அரை நாள்."

கழிக்காதே, அது அப்படியே இருக்கட்டும் என்று சொல்ல வாயெடுத்தான்.

அவள் அண்ணாந்து, மடமடவென்று குடித்துக்கொண்டிருந்தாள்.