அணைக்காரரின் பிடிவாதம்

பள்ளிக்கூடம் லீவு விட்ட மறுநாளே, அணைக்காரர் மதகைத் திறந்து தண்ணீர் முழுவதையும் வெளியேற்றிவிட்டார்.

அணை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஓடையை மறித்துத் தன் சொந்த நிலத்தில் அவர் போட்ட மண் கரை. அதன் பின்னால் படகு விடவும் நீந்தவும் போதுமான தண்ணீர். லீவு நாட்களில் அங்கே நாற்பது பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுப்பார் நீச்சல் வாத்தியார். தனிக்கட்டையான அவருக்கு வருஷத்தில் உயிர் வருவதே அந்த ஒரு மாசம்தான்.

இப்போது நாற்பது பேரும் தோளில் துண்டோடு சேற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"என்ன சார் இது, லீவு நேரம் பார்த்தா திறந்துவிடுவீங்க?"

"என் அணை. தோணிச்சு, திறந்துட்டேன்," என்றார் அணைக்காரர், வாத்தியார் முகத்தைப் பார்க்காமல்.

"பிள்ளைங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"கிழவனுக்குப் புத்தி கெட்டுப்போச்சுன்னு சொல்லுங்க."

வாத்தியார் அதையே சொன்னார். கூடவே கண், காது, மூக்கு வைத்தும் சொன்னார். ஒரே வாரத்தில் அணைக்காரரோடு முகம் கொடுத்துப் பேச ஆளில்லை. எழுபது கையெழுத்தோடு ஒரு மனுவும் தயாரானது. அணைகளைச் சோதிக்கும் இன்ஜினீயரின் ஆபீசுக்கு அதை வாத்தியாரே எடுத்துப் போனார்.

இன்ஜினீயர் பாதி படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"திறக்கச் சொன்னதே நான்தாங்க. கரையில தண்ணி கசியுது. நட்டநடுக் கரையில ஒரு மரம், வேர் உள்ளே இறங்கிடுச்சு. மண் அணைக்கு அது ஆகாது. மரத்தை வேரோட எடுத்துட்டு மண்ணை இறுக்கினா பத்து நாள்ல தண்ணி தேக்கலாம். இல்லைன்னா தண்ணியே நிக்கக் கூடாதுன்னு எழுதிக் கொடுத்தேன்."

"ஒரு மரம். அதை எடுக்கவா அவருக்கு மனசு வரலை?"

"நானும் தலைபாடா அடிச்சுக்கிட்டேன், மசியலை. யாரோ நீச்சல் வாத்தியாராம். சம்சாரம் தவறினப்போ அவங்க நினைவா வெச்ச மரமாம். தினம் காலையில அதுகிட்ட வந்து உட்கார்ந்துட்டுத்தான் போவாராம். அவர்கிட்டயே கேட்டுப் பாருங்களேன்னேன். 'கேட்டா சரின்னுதான் சொல்வார், அதனாலதான் கேட்கலை'ன்னுட்டார். நீங்களும் போய் அந்த வாத்தியார் காதுல போட்டுடாதீங்க."

வாத்தியார் அழக் கூடாது என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிறகு மேஜை மேலிருந்த மனுவை எடுத்து நாலாகக் கிழித்தார்.

"ஒரு வெள்ளைத் தாள் கொடுங்க சார்," என்றார். "மரத்தை எடுத்துடலாம்னு எழுதித் தர்றேன். அவ இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பா."