மடியில் கனம்

“கையை நடுங்க விடாத. அவங்க முதல்ல கையத்தான் பாப்பாங்க,” என்றான் ஆர்செனியோ, உதடு அசையாமல்.

அவன் மனைவி நெரெய்தா மடியிலிருந்த பையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். கை நடுங்கத்தான் செய்தது.

பரக்கோவாவிலிருந்து சந்தியாகோவுக்கு ஆள் ஏற்றிய லாரி மலைப்பாதையில் முக்கி முனகி ஏறியது. இன்னும் இரண்டு வளைவு தாண்டினால் சோதனைச் சாவடி.

பையில் மேலாக ஓலைக்கூம்பில் கட்டிய தேங்காய் மிட்டாய். ஆர்செனியோவின் நினைப்பெல்லாம் அதற்கு அடியில் இருந்த துணிமூட்டையில்தான். எங்கள் பக்கத்துக் காப்பிச் செடிகளில் பழம்போல ஒட்டியிருக்கும் வண்ண நத்தைகள். மஞ்சள், செம்மஞ்சள், கறுப்பு வரி போட்ட வெள்ளை. இரண்டு நாள் அலைந்து முந்நூறு பொறுக்கியிருந்தான். அவற்றைப் பிடிக்க அரசுத் தடை; பிடிபட்டால் சிறை. சந்தியாகோவில் ஒருவர் நத்தை ஓடுகளுக்கு ஈடாக முப்பது கூரைத் தகரம் தருவதாகச் சொல்லியிருந்தார். புயல் அவர்கள் கூரையைக் கொண்டுபோய் எட்டு மாதம். மழை வந்தால் அந்த வீட்டைவிட்டு வெளியே போய் ஒதுங்குவதே மேல் என்று ஊரே கேலி பேசியது.

நத்தைகளைக் கொதிநீரில் போட்டு, ஊசியால் சதையெடுத்து, மூட்டை கட்டுவது நெரெய்தாவின் வேலை.

ஆர்செனியோ தைரியசாலிதான், எங்கள் ஊர் ஆண்கள் எல்லோரையும்போல, காக்கிச்சட்டை கண்ணில் படும்வரை. பையைத் தானே வைத்துக்கொள்வதாக ஒப்புக்குச் சொல்லிப் பார்த்தான். அவள் தரவே மாட்டேன் என்றுவிட்டாள். தனக்காகச் சிறைக்கும் துணிந்தவள் என்று கண் கலங்கினான். வற்புறுத்தவில்லை.

லாரி நின்றது. ஏறிய காவலர் நேராக அவளிடம் வந்தார்.

“பையில என்ன தோழர்?”

“தேங்கா மிட்டாய்.”

“மிட்டாய்க்கா இப்படி வேர்க்குது? தொறங்க.”

அவள் திறக்கவில்லை. அக்கா பிள்ளைகளுக்குக் கொண்டுபோவது, கலைத்தால் நசுங்கிவிடும் என்று அழாக்குறையாகக் கெஞ்சினாள். இவளே காட்டிக்கொடுத்துவிடுவாள்போல என்று ஆர்செனியோ கண்ணை மூடிக்கொண்டான்.

காவலர் பையைப் பிடுங்கிக் கவிழ்த்தார். மிட்டாய்க் கூம்புகள் உருண்டன. துணிமூட்டை விழுந்து அவிழ்ந்தது.

உள்ளே ஆற்றுக் கூழாங்கற்கள்.

காவலர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். கல் கொண்டுபோகக் கூடாதென்று சட்டம் எதுவும் நினைவுக்கு வராததால் இறங்கிப் போனார்.

லாரி கிளம்பியதும் ஆர்செனியோவுக்கு உயிர் வந்தது. “கெட்டிக்காரிடி நீ. நத்தையெல்லாம் எங்க ஒளிச்ச?”

“ஒளிக்கல,” என்றாள், அவன் முகத்தைப் பார்க்காமல். “தண்ணி கொதிக்கிறப்போ ஒண்ணு கொம்பை நீட்டி என்னையப் பாத்துச்சு. எல்லாத்தையும் திரும்பச் செடியிலேயே விட்டுட்டு வந்துட்டேன்.”

அவன் காலடியில் கிடந்த கல் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தான்.

“வெறும் கல்லை வச்சுக்கிட்டா போலீஸப் பாத்து அப்படி நடுங்கின?”

“அவரு தொறந்தா நீ பாத்துருவியேன்னுதான்.”